கரையில் இருப்பவரின் பங்கு

பொழுது புலர்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பொம்மையார்பாளையத்துக் கரையில் ஃபைபர் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்த மீனவ ஊர் அது. மீன் கூடைக்கு வந்தது, ஏலம் நடந்தது, பெண்கள் விலை பேசி வாங்கிச் சென்றனர். பின்னர்ப் பணத்தைப் பிரித்தார்கள். எண்ணெய்ச் செலவு முதலில் கழிந்தது. படகுக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் உரியதை ஒதுக்கினார்கள். எஞ்சியதைக் கடலுக்குப் போனவர்கள் தலைக்கொன்றாய்ப் பெற்றுக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் 'பங்கு'.

சற்றுத் தள்ளி, ஒரு படகின் நிழலில், முதியவர் ஒருவர் கிழிந்த வலையைச் சீர்செய்துகொண்டிருந்தார். எழுபதைக் கடந்தவர், கடலுக்குப் போவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆயிற்றாம். "இன்றைக்கு மீன் குறைவுபோலத் தெரிகிறதே, ஐயா" என்றேன். "போறவனுக்கு நாளைக்குன்னு ஒண்ணு இருக்கு, சார். இன்னிக்கு வலை காலியா வந்தா நாளைக்குப் பார்த்துக்குவான். கரையிலே குந்திக்கினு இருக்கறவனுக்கு ஏது நாளைக்கு?" என்றார். பேசும்போதும் அவர் கைகள் வேலையை நிறுத்தவில்லை.

என்னுடன் வந்திருந்தவன் என் தங்கை மகன். அரசுப் பள்ளி ஆசிரியன். 2005-ஆம் ஆண்டு பணியில் சேர்ந்தவன். திரும்பி வரும் வழியில் அவன் கேட்டான்: "மாமா, எங்கள் ஓய்வூதியப் பணத்தைப் பங்குச் சந்தையில் போடலாமா, கூடாதா என்று ஆசிரியர் அறையில் ஓயாத வழக்கு. சூதாட்டம் என்கிறார் ஒருவர். போடாமல் வைத்திருப்பதுதான் முட்டாள்தனம் என்கிறார் இன்னொருவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

அன்று நான் விடை சொல்லவில்லை. சொல்லத் தயங்கியதற்குக் காரணம் உண்டு. நான் பழைய முறையில் ஓய்வு பெற்றவன். கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் பாதி, விலைவாசிக்கேற்ற அகவிலைப்படியோடு, மாதந்தோறும் எனக்கு வந்துவிடுகிறது. சந்தை ஏறினாலும் இறங்கினாலும் எனக்கு ஒன்றே. கரையில் பத்திரமாக நின்றுகொண்டு, கடலுக்குப் போகலாமா என்று கேட்பவனுக்கு அறிவுரை கூறுவது எளிது. எளிதாய் இருப்பதனாலேயே அதை நன்கு சிந்தித்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றிற்று.

மாறிய ஏற்பாடு

நடந்தது இதுதான். தமிழக அரசு 2003 ஏப்ரல் முதல் நாளிலோ அதற்குப் பின்னரோ பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத்தை நிறுத்திப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. மத்திய அரசு 2004 சனவரி முதல் நாளிலிருந்து அவ்வாறே செய்தது. ஊழியர் தம் ஊதியத்தில் 10 விழுக்காட்டைச் செலுத்த, அரசு தன் பங்கைச் சேர்க்கும். மத்திய அரசு தன் பங்கை 2019-இல் 14 விழுக்காடாக உயர்த்தியது. மத்தியத் திட்டத்தில் சேர்ந்த பணம் அரசுப் பத்திரங்களுக்கும், நிறுவனங்களின் கடன் பத்திரங்களுக்கும், ஒரு பகுதி பங்குச் சந்தைக்கும் போயிற்று. அரசு ஊழியர் பணத்தில் 15 விழுக்காட்டுக்குமேல் பங்குகளில் போடலாகாது என்பதே பல ஆண்டுகள் பொது விதியாய் இருந்தது. தமிழகம் அந்த அமைப்பில் சேராமல் பணத்தைத் தனியே வைத்திருந்தது. ஆனால் ஓய்வு பெற்றவர்க்கு மாதாந்தர ஓய்வூதியம் என்று ஒன்றும் இல்லை. சேர்ந்த தொகையை வட்டியோடு மொத்தமாய்க் கொடுத்து அனுப்பியது.

இந்த மாற்றத்தைப் 'பணம் எங்கே போடப்பட்டது' என்ற கேள்வியாக மட்டுமே பார்க்கிறோம். உள்ளே நடந்த பெரிய மாற்றம் வேறு. பழைய முறையில் முதுமையின் நிச்சயமின்மை அரசின் தோளில் இருந்தது. புதிய முறையில் அது தனி மனிதரின் தோளுக்கு இறங்கியது. முன்பு 'இவ்வளவு தருவேன்' என்பது உறுதி. பின்பு 'இவ்வளவு போடுவேன்' என்பது மட்டுமே உறுதி; கிடைப்பது கிடைக்கட்டும் என்றாயிற்று.

சந்தையின் பக்கத்து நியாயம்

சந்தையை வெறும் சூது என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. பங்கு என்பது உழைக்கும் ஒரு நிறுவனத்தின் உடைமையில் ஒரு கூறு. ஆலை ஓடினால், கப்பல் போனால், கடையில் வணிகம் நடந்தால் அதன் விளைவில் பங்குதாரருக்கும் உரிமை உண்டு. நாட்டின் உழைப்பால் பெருகும் செல்வத்தில் செல்வந்தர் மட்டும் பங்கு வைத்திருக்க, ஆசிரியரும் செவிலியரும் வெறும் வட்டியோடு நிற்க வேண்டும் என்று எந்த அறமும் கூறவில்லை. தாலந்தை மண்ணில் புதைத்து வைத்த ஊழியனைப் பற்றிய உவமையை நாம் அறிவோம்.

'பத்திரமான' பணமும் தேய்கிறது என்பதை நாம் அடிக்கடி மறக்கிறோம். தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை 1962-இல் தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். அன்று அதற்கு அரிசி வாங்க முடிந்தது. அந்த இருபது ரூபாயை இன்றுவரை யாரேனும் 'உறுதியாக' வழங்கிக்கொண்டிருந்தால் அந்த உறுதிக்கு என்ன பொருள்? நீண்ட காலத்தில் விலைவாசியை முந்தி வளரும் ஆற்றல் பங்குகளுக்கு உண்டு என்பதையும், அதனாலேயே பல நாடுகள் அவற்றை நாடின என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பழைய முறைக்கும் ஒரு விலை உண்டு. என் ஓய்வூதியம் வானத்திலிருந்து வருவதில்லை; வரிப்பணத்திலிருந்து வருகிறது. சோப்பு வாங்கும்போதும் எண்ணெய் வாங்கும்போதும் அந்த முதியவரும் வரி செலுத்துகிறார். தமக்கென எந்த ஓய்வூதியமும் சேராத அவர், எனக்கு ஓய்வூதியம் தருவோரில் ஒருவராய் இருக்கிறார். இந்த எண்ணம் என்னை உறுத்துகிறது. 'பழையதே போதும்' என்று கூறுவோர் இந்த உறுத்தலுக்கும் விடை காண வேண்டும்.

இரண்டு ஆசிரியர்கள்

அப்படியானால் தயக்கம் எங்கே எழுகிறது? இரண்டு ஆசிரியர்களைக் கற்பனை செய்வோம். ஒரே நாளில் பணியில் சேர்ந்தனர். ஒரே ஊதியம் பெற்றனர். ஒரே அளவு சேமித்துப் பங்குகளில் போட்டனர். ஒருவர் 2008 சனவரியில் ஓய்வு பெற்றார். அப்போது மும்பைச் சந்தையின் குறியீட்டெண் 21,000-ஐத் தொட்டிருந்தது. மற்றவர் அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் ஓய்வு பெற்றார். அப்போது அது 9,000-க்கும் கீழே விழுந்திருந்தது. உழைப்பில் வேறுபாடில்லை, சிக்கனத்தில் வேறுபாடில்லை, பிறந்த மாதத்தில்தான் வேறுபாடு. பிறந்த மாதம் ஒருவரின் முதுமையைத் தீர்மானிப்பது நீதியாகுமா?

'பொறுத்திருந்தால் ஏறும்' என்பர். உண்மைதான். 2010 நவம்பரில் அந்த எண் மீண்டும் 21,000-ஐத் தொட்டது. முப்பது வயதினருக்கு அந்த இரண்டு ஆண்டு ஒரு மோசமான பருவம், அவ்வளவே. ஓய்வு பெற்ற அன்றே பணத்தை எடுத்துப் பிழைக்க வேண்டியவருக்கோ அது திரும்பாத இழப்பு. முதியவர் சொன்னது இதைத்தான்: போகிறவனுக்கு நாளை உண்டு.

மிகைப்படுத்தாமலும் இருக்க வேண்டும். நூறு ரூபாயில் பதினைந்து மட்டும் பங்குகளில் இருந்தால், அது 60 விழுக்காடு வீழ்ந்தாலும் இழப்பு ஒன்பது ரூபாயே. பாதிப்பணம் பங்குகளில் இருந்திருந்தால் முப்பது. எனவே எவ்வளவு போடுகிறோம் என்ற அளவும் அறத்தின் ஒரு பகுதியே. பங்குகளை ஒதுக்கிவிட்டால் ஆபத்து நீங்கும் என்பதும் இல்லை. 2018-இல் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். நிறுவனம் கடனைத் திருப்பித் தர இயலாமல் விழுந்தது. அதுவரை மிக உயர்ந்த தரச்சான்று பெற்றிருந்த அதன் கடன் பத்திரங்களில் வருங்கால வைப்பு நிதிப் பணமும் ஓய்வூதியப் பணமும் சிக்கிக்கொண்டன. 2001 சூலையில் யூனிட் டிரஸ்ட் தன் யு.எஸ்.64 திட்டத்தின் யூனிட்டுகளைத் திரும்ப வாங்குவதை நிறுத்தியபோது, அரசுடையதுபோல் பத்திரமானது என்று நம்பி ஓய்வுக்காலப் பணத்தைப் போட்டிருந்த எத்தனை குடும்பங்கள் திகைத்து நின்றன என்பது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

ஊழியரின் மனக்குறைக்கு இன்னோர் ஆழமான காரணமும் உண்டு. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் அரசு ஊழியர் ஓய்வு பெறுகையில் சேர்ந்த தொகையில் குறைந்தது 40 விழுக்காட்டை ஆயுள் ஓய்வூதியம் வாங்கச் செலவிட வேண்டும். அது எவ்வளவு தரும் என்பது அன்றைய வட்டி விகிதத்தைப் பொறுத்தது. விலை ஏறும்போது அகவிலைப்படிபோல் அது ஏறுவதில்லை. அறுபதில் போதுமானதாய் இருப்பது எண்பதில் மருந்துக்கும் பற்றாது. சந்தை விழும் என்ற அச்சத்தைவிட, தொகை நின்ற இடத்தில் நிற்க விலை மட்டும் நடந்துகொண்டே போகும் என்ற அச்சமே பலரை வாட்டுகிறது.

ஒரு திட்டத்தைப் பற்றி அதை வகுத்தவர்கள் உள்ளூர என்ன எண்ணினார்கள் என்பதை அறிய, அதிலிருந்து யார் விலக்கப்பட்டார்கள் என்று பார்க்கலாம். தென்னமெரிக்க நாடான சிலி 1981-இல், இராணுவ ஆட்சியின்கீழ், தொழிலாளரின் ஓய்வூதியத்தைத் தனித்தனிக் கணக்குகளாக்கித் தனியார் நிறுவனங்களின் கையில் கொடுத்தது. படைவீரர்களை மட்டும் பழைய முறையிலேயே வைத்துக்கொண்டது. இந்தியாவிலும் 2004-இன் மாற்றம் முப்படையினரைத் தொடவில்லை. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களின் ஓய்வூதியத்தையும் தொடவில்லை. போர்வீரருக்கு உறுதி வேண்டும் என்பது சரியே. அந்த உறுதி செவிலியருக்கும் ஆசிரியருக்கும் ஏன் வேண்டாமற்போயிற்று என்பதுதான் கேள்வி.

யார் தாங்குவது?

இங்கே என் விடைக்கு வந்து சேர்கிறேன். பணம் கடலுக்குப் போகலாமா என்பது இரண்டாவது கேள்வி. வலை வெறுமையாய் வந்தால் யார் பட்டினி கிடப்பது என்பதே முதற்கேள்வி.

நார்வே நாடு தன் எண்ணெய் வருவாயைச் சேர்த்து 1990-இல் ஒரு நிதியை உருவாக்கியது. அதன் பெயரிலேயே 'ஓய்வூதியம்' என்ற சொல் இருக்கிறது. பணத்தில் பெரும்பகுதி உலகெங்கும் பங்குகளில் இருக்கிறது. 2008-இல் அந்த நிதி தன் மதிப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தது. ஆனால் அந்த நாட்டு முதியவர் எவருடைய மாதப்பணமும் அதனால் குறையவில்லை. ஏனெனில் ஓய்வூதியம் அரசின் கணக்கிலிருந்து வருகிறது. நிதியின் ஏற்ற இறக்கத்தை நாடு முழுவதும் சேர்ந்து, பல ஆண்டுகளில் பரப்பித் தாங்குகிறது. நாட்டுக்கு நாளை உண்டு. தனி முதியவருக்கு அது இல்லை. ஆகவே நாளை உள்ளவரே இடரைச் சுமக்க வேண்டும் என்பது இயல்பான நீதியாகும்.

இந்த நீதி நம் நாட்டிலும் மெல்லத் திரும்பி வருகிறது. அமைப்புசாராத் தொழிலாளருக்கென 2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில், பணம் சந்தையில் குறைவாய் ஈட்டினால் வாக்களித்த தொகைக்கான பற்றாக்குறையை அரசு ஏற்கும். கூடுதலாய் ஈட்டினால் அது சந்தாதாரரைச் சேரும். பதினெட்டு வயதில் சேருபவர் மாதம் 42 ரூபாய் கட்டினால் அறுபதில் மாதம் 1,000 ரூபாய். நல்ல வடிவம், ஆனால் நாற்பத்திரண்டு ஆண்டு கழித்து ஆயிரம் ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்பதை 1962-இன் இருபது ரூபாய் நமக்குச் சொல்கிறது. மத்திய அரசு 2025 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்திய ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், 25 ஆண்டு பணியாற்றியவருக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதி உறுதி. பணம் இன்னும் முதலீடாகத்தான் இருக்கிறது. பற்றாக்குறையைத் தாங்க அரசு கூடுதலாக 8.5 விழுக்காட்டைப் பொதுத் தொகுப்பில் சேர்க்கிறது. தமிழக அரசும் நீண்ட போராட்டங்களுக்குப் பின் 2026 சனவரியில், ஊழியர் 10 விழுக்காடு செலுத்த, கடைசி ஊதியத்தில் பாதியை உறுதி செய்யும் திட்டத்தை அறிவித்தது. கடலுக்குப் போகும் பணம் போகட்டும். கரையிலிருப்பவர் உலை எரிய வேண்டும் என்பதே இவற்றின் உட்பொருள்.

இது திருச்சபையின் சமூகப் போதனைக்கு அயலான கருத்தன்று. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் எழுதிய சுற்றுமடலில், தொழிலாளர் சங்கங்கள் நோய்க்கும் முதுமைக்கும் பொதுநிதி வைத்திருக்க வேண்டுமென விரும்பினார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் முதுமைக்கால ஓய்வூதியத்தை உழைப்பாளரின் உரிமைகளோடு சேர்த்து எண்ணினார். 1991-இல் அவரே, பணத்தை எங்கே முதலீடு செய்கிறோம் என்பது எப்போதும் அறநெறித் தேர்வே என்று கற்பித்தார்.

இரண்டு எச்சரிக்கைகள்

அரசு பொறுப்பேற்றுவிட்டால் எல்லாம் செம்மையாகிவிடும் என்றும் நான் கூறவில்லை. எகிப்தில் யோசேப்பு செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்ததைப் போற்றிப் பேசுகிறோம். தொடக்க நூலின் நாற்பத்தேழாம் அதிகாரத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை. பஞ்சம் வந்தபோது மக்கள் தாங்கள் விளைத்துக் கொடுத்த அதே தானியத்தை விலைக்கு வாங்கினார்கள். பணம் தீர்ந்தது, கால்நடைகளைக் கொடுத்தார்கள், பின்பு நிலத்தையும், இறுதியில் தங்களையுமே கொடுத்தார்கள். பொதுக் களஞ்சியத்தின் திறவுகோல் அரசன் கையில் மட்டும் இருந்தால் இதுவும் நேரும். ஆகவே ஓய்வூதிய நிதி எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு ஊழியருக்கு ஆண்டுதோறும் விளங்கும்படி திறந்திருக்க வேண்டும். நிதியை மேற்பார்வையிடும் அவையில் அவர்களும் இருக்க வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கையைப் பொம்மையார்பாளையத்துக் கரையே தருகிறது. புதுச்சேரித் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கட்டப்பட்ட கல்தடுப்புகள் வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தன. அதனால் வடக்கேயுள்ள ஊர்களின் கரை அரிக்கப்பட்டது. பொம்மையார்பாளையத்திலும் வீடுகள் கடலுக்கு இரையாயின. ஓரிடத்தில் வளர்ச்சி என எழுதப்படுவது வேறோரிடத்தில் ஒரு குடும்பத்தின் சுவர் இடிவதாய் முடியலாம். நம் ஓய்வூதியத்திற்கு வளர்ச்சி தேடும் பணம் யாருடைய கரையை அரித்து அந்த வளர்ச்சியைக் கொணர்கிறது என்று கேட்க நாம் கடமைப்பட்டவர்கள். சிகரெட் விற்ற இலாபத்தில் என் மூட்டுவலிக்கு மருந்து வாங்குவது எனக்கு ஏற்புடையதா? முதலீட்டில் எதற்கு 'ஆம்' என்போம், எதற்கு 'இல்லை' என்போம் என்பதை இலாப விகிதம் மட்டும் தீர்மானிக்கலாகாது.

பேசோர் ஓடை

சாமுவேல் முதல் நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. தாவீது அறுநூறு பேருடன் எதிரியைத் துரத்துகிறார். பேசோர் ஓடையைக் கடக்க இயலாமல் களைத்துப்போன இருநூறு பேர் மூட்டை முடிச்சுகளோடு அங்கேயே தங்கிவிடுகின்றனர். வெற்றியோடு திரும்பியபோது, போருக்கு வராதவர்களுக்குக் கொள்ளைப்பொருளில் பங்கு கூடாது எனச் சிலர் வாதிடுகின்றனர். தாவீது அதை ஏற்கவில்லை. போனவருக்கு எவ்வளவோ தங்கியவருக்கும் அவ்வளவே என்று அவர் வகுத்த முறை இஸ்ரயேலில் சட்டமாயிற்று.

தமிழில் 'பங்கு' என்ற சொல்லுக்கு எத்தனை வாழ்வு! படகில் பிரிப்பது பங்கு. மும்பையில் விற்பதும் வாங்குவதும் பங்கு. ஞாயிறுதோறும் நாம் ஒன்றுகூடும் திருச்சமூகமும் பங்கு. முதல் இரண்டும் மூன்றாவதின் பொருளை மறந்துவிட்டால், பங்கு என்பது அவரவர் பிடுங்கிக்கொள்ளும் துண்டாகிவிடும்.

என் மருமகனுக்கு இப்போது சொல்கிறேன்: உங்கள் பணம் அளவோடு சந்தைக்குப் போவதில் பாவமில்லை. ஆனால் முதுமையில் உங்கள் சோற்றுக்கு உறுதி வேண்டும். விலை ஏறும்போது அந்த உறுதியும் ஏற வேண்டும். நட்டம் வந்தால் அதை எல்லாரும் சேர்ந்து தாங்க வேண்டும். இதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இதைக் கேட்டுவிட்டு அவன் வேறொன்று சொன்னான். "மாமா, நாம் பேசியதெல்லாம் எனக்கும் உங்களுக்கும்தானே? அந்த வலை பின்னுகிற தாத்தாவுக்கு?" தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்ந்தது. அதில் அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வயதுவரை உள்ளவர்க்கு மத்திய அரசு தந்த பங்கு 200 ரூபாய். பல ஆண்டுகளுக்கு முன்பே நிர்ணயித்த அளவு அது. அகவிலைப்படி அவருக்கு இல்லை. அவருக்காக வேலைநிறுத்தம் செய்யச் சங்கமும் இல்லை. ஐம்பது ஆண்டு கடலில் உழைத்த மனிதர் அவர். நம் தட்டில் மீன் வைத்தவர்.

அவனுடைய கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் அடுத்த முறை ஆசிரியர் அறையில் அந்த வழக்கு எழும்போது, அவன் அந்த முதியவரின் பெயரையும் அங்கே எடுத்துச் சொல்வான் என்று நம்புகிறேன். ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் நானும் சொல்லியாக வேண்டும். அகவிலைப்படி உயர்வு பற்றி மட்டுமே பேசிக் கலைந்த கூட்டங்கள் போதும்.